இடமில்லை என்று சொல்லாத டிஸ்க்

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், 'கவரேஜ் நூறு சதவீதம் ஆகாமல் எந்தச் சரக்கும் வாசல் தாண்டலாகாது' என்று மேலிடத்து ஆணை பிறந்தது. கவரேஜ் என்பது, எழுதிய நிரலில் எத்தனை வரிகள் சோதனையின்போது ஓடின என்ற கணக்கு. ஓடினால் போதும், ஒழுங்காக ஓடியதா என்று ஆணையில் யாரும் கேட்கவில்லை.

பொற்கொடி கையில் இருந்தது, டிஸ்க்கில் எந்த ஃபைலுக்கு எந்தக் கட்டம் என்று இடம் ஒதுக்கும் நிரல். கல்யாண மண்டபத்தில் அறை ஒதுக்குகிற வேலைதான். வெள்ளிக்கிழமைக்குள் நூறைத் தொட்டால் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தொண்ணூற்றாறில் வண்டி நின்றுவிட்டது. மிச்சமெல்லாம், டிஸ்க் நிரம்பினால் 'இடமில்லை' என்று சொல்லும் வரிகள்.

"டிஸ்க்கை நெரப்பிச் சோதிக்கோணுங்க சார். திங்கக்கெழமை வரைக்கும் டைம் குடுத்தீங்கன்னா முடிச்சுப்போடறேனுங்க," என்றாள் மேலாளர் அரங்கசாமியிடம்.

அரங்கசாமி ஆழ்ந்து யோசித்தார். அவர் யோசித்தால் எதையாவது அழிப்பார் என்பது அலுவலகத்துக்கே தெரியும்.

"ஓடாத வரியை எதுக்குங்க அம்மணி வெச்சுக்கோணும்? எடுத்துப்போடுங்க."

"அப்பறம் டிஸ்க் நெறஞ்சாங்க?"

"வந்தவங்களை இடமில்லைன்னு திருப்பி அனுப்பறது நம்ம பக்கத்துப் பழக்கமுங்களா? உள்ள இருக்கறவங்க கொஞ்சம் நவுந்து உக்காந்துக்குவாங்க."

'இடமில்லை' என்று சொல்லத் தெரியாத நிரல், நிரம்பிய கட்டத்தையே மறுபடி ஒதுக்கும். ஒரே கட்டத்தை இரண்டு ஃபைலுக்குக் கொடுத்தால் என்னாகும் என்று பொற்கொடிக்குத் தெரியும். வேலை போனால் என்னாகும் என்றும் தெரியும். வரிகளை அழித்தாள். நூறு வந்தது. கேக் வெட்டினார்கள், முதல் துண்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் வெள்ளகோவிலிலிருந்து ஸ்டுடியோ ரங்கராஜ் பொற்கொடிக்குப் போன் செய்தார். கல்யாணப் படங்களையெல்லாம் இவர்கள் மென்பொருளை நம்பிச் சேமித்து வைப்பவர்.

"ஏனுங்க, எங்கூர் மாப்பிள்ளை பக்கத்துல அந்தியூர்க் கல்யாணத்துப் பொண்ணு நிக்குதுங்க. ஆல்பத்தோட ரெண்டு ஊட்டுக்காரங்களும் கடை வாசல்ல நிக்கறாங்க."

அரங்கசாமி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "எரர் ஏதாச்சும் காட்டுச்சுங்களா?"

"ஒண்ணும் காட்டலைங்க."

"அப்பச் சரியாத்தான் வேலை செய்யுதுங்க," என்று போனைப் பொற்கொடியிடம் நீட்டினார்.

அவளுக்குக் கோபம் தன்மேல்தான். ஆனால் கையில் அகப்பட்டவர் ரங்கராஜ்.

"நீங்க பாக்காமயேங்களா ஆல்பத்தைக் குடுத்தீங்க?"

"ஒரு பக்கம் உடாமப் பொரட்டிப் பாத்தனுங்க அம்மணி," என்றார் ரங்கராஜ். "மூஞ்சியத்தான் பாக்கலை."

அரங்கசாமியின் முகம் மலர்ந்தது.

"நூறு சதவீதமுங்க," என்றார் பொற்கொடியிடம் மெல்ல. "இவரை நம்ம டெஸ்டிங்குக்கு எடுத்துக்கலாமுங்களா?"