மேசைமேல் ரொட்டி இல்லை

என் மனைவியை இங்கிலீஷ் பேசியே ஊருக்கு இழுத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தமீரா இங்கிலாந்துக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போய் நாலு மாதம் ஆகிறது. போகும்போதே என்னை எங்கள் நாரின் நகரத்து இங்கிலீஷ் வகுப்பில் தள்ளிவிட்டுப் போனாள். தினமும் வீட்டுப்பாடத்தை போனில் அவளிடம் ஒப்பிக்க வேண்டும். இப்போது பண்ணைக்காரர் இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. எனக்கோ ஒற்றைக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் குடிக்கவே பிடிக்கவில்லை.

அந்த வாரப் பாடம், வீட்டில் எது எங்கே இருக்கிறது, எது இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்!

"மேசைமேல் ரொட்டி இல்லை," என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டேன். "சட்டிக்குள் வெண்ணெய் இல்லை. கட்டில்மேல் மெத்தை இல்லை. வீட்டுக்குள் மனைவி இல்லை."

கடைசி வரிக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஜெயித்துவிட்டேன்!

"மெத்தை ஏன் இல்ல? பெட்டிமேல மெல்லிசா பன்னெண்டு அடுக்கி வச்சுட்டுத்தானே வந்தேன்?"

"அது உன் பொறந்த வீட்டுச் சீராச்சே. விருந்தாளி வந்தாத்தானே இறக்கணும்? நான் தொடுவேனா?"

"ஓகோ," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு புருல் அக்கா ரொட்டியும் வெண்ணெயுமாக வந்தாள். நேரே படுக்கையறைக்குள் போனாள்.

"அடக் கண்றாவியே! பன்னெண்டும் கட்டில்மேலயா? அதுவும் அவ படுக்கிற பக்கமா?"

"முதுகு குளிருதுக்கா."

"ஆகஸ்ட் மாசத்துலயா, தம்பி?"

உடனே தமீராவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பிறகு போனை என் கையில் திணித்தாள்.

"ரொட்டி வந்துச்சாங்க?"

"வந்துச்சு."

"வெண்ணெய்?"

"அதுவும் வந்துச்சு. நீ வா, தமீரா. சத்தியமா முடியல."

"எனக்கு மட்டும் முடியுதா?" என்றாள். குரல் தழுதழுத்தது. "பதினொண்ணைத் திரும்ப அடுக்கி வைங்க. கட்டிப்பிடிச்சுக்க ஒண்ணு போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ கையெழுத்துப் போட மாட்டியே?"

"நேத்து நீங்க பாடம் ஒப்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டாச்சுங்க."