ராஜகுரு வீட்டுக் காரில் ஈரம்

காரின் பின்கதவைத் திறந்தபோது ஷெட்டில் இருந்தவர்கள் நான்கே பேர். நூல் கடை ராஜகுரு, அவர் மகன் மணிகண்டன், மெக்கானிக் ஜேசுராஜ், வீட்டு வேலை பார்க்கும் ராக்கம்மாள். மகள் ரோஷினி ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. கண்ணால் கண்டதுபோல் தெருவில் கதை சொல்கிறவர்கள் நிச்சயமாக இல்லை.

ராஜகுருவின் மனைவி சௌந்தரம் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. அவர் அழவில்லை. அந்தக் குடும்பத்தில் ஆண்கள் பிறர் பார்க்க அழுவதில்லை. அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரை ஷெட்டில் விட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். ரோஷினி அந்தக் காரில்தான் புகுந்த வீடு போவாள் என்று மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அது மட்டும் மிச்சம்.

கல்யாணம் நெருங்கியது. ஜேசுராஜ் வந்து காருக்கடியில் படுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அடித்தகடு துருப்பிடிக்குது. உள்ள ஈரம் இருக்கு."

"ஈரமா? அருப்புக்கோட்டையிலயா? ஏலே மணி, கேட்டியா! மேகத்தக் கண்டா குடத்தத் தூக்கிட்டு ஓடுற ஊர்ல, என் வீட்ல மட்டும் ஈரமாம்!"

"கதவத் திறந்து பாத்தாத் தெரியும்."

"அவ உக்காந்த இடத்துல எவனும் கை வைக்கப்படாது. வெளிக்காத்துதான் காரணம். ஜன்னல அடைங்க."

மணிகண்டன் ஷெட்டு ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தான். அடுத்த வாரம் துரு கதவுகளுக்கு ஏறியது.

தடித்த பிளாஸ்டிக் உறை வாங்கிக் காரை மூடினான். தினமும் குளித்துவிட்டு ராஜகுருவே போய் உறையை அவிழ்ப்பார், தூசு தட்டுவார், மறுபடி இறுக்கிக் கட்டுவார். துணைக்கு யாரையும் சேர்ப்பதில்லை. உறையின் உள்பக்கம் நீர் முத்து முத்தாய் நின்றது. துரு கூரைக்கு ஏறியது.

"கல்லுப்பு ஈரத்த இழுக்குமாம்பா," என்றான் மணிகண்டன்.

நான்கு மூட்டை உப்பு வந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக அண்டைகொடுத்தார்கள். உப்பு கசிந்து ஓடிச் சக்கரங்களும் போயின.

"நல்லாருந்த காரக் கருவாடாக்கிட்டீகளே அண்ணாச்சி!" என்றார் ஜேசுராஜ்.

இதற்கு நடுவில் ராக்கம்மாள் வேறு. "ஐயா, அம்மா தண்ணி குடிக்கிற பித்தளைச் சொம்பக் காணோம்."

"அது எதுக்கு இப்ப? வேலையப் பாரு."

ஷெட்டு திறந்திருந்த ஒரு காலையில் பால்காரர் எட்டிப் பார்த்தார். அன்று மாலைக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. "கார்க் கண்ணாடி உள்பக்கமா வேர்த்திருக்கு. சௌந்தரம் உள்ள உக்காந்து மூச்சு விடுறாக."

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து போன் வந்தது. "அந்தக் காரு மட்டும் வேண்டாமே."

ராஜகுரு போனை வைத்தார்.

"சாவியக் குடுங்கப்பா," என்றான் மணிகண்டன். "திறந்து காட்டிட்டா ஊரு வாய மூடிரும்."

அவர் இடுப்பைத் தடவினார். கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் அந்த நால்வரும் ஷெட்டில் நின்றார்கள். ஜேசுராஜ் இழுத்ததில் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே சீட்டெல்லாம் பூஞ்சை. தரையில் ஓட்டை, ஓட்டை வழியே உப்பு மூட்டை தெரிந்தது. பின்சீட்டில், சௌந்தரம் சாய்ந்து படுத்துவந்த இடத்தில், பித்தளைச் சொம்பு. நிறையத் தண்ணீர். சாய்ந்துவிடாமல் இருக்க அதற்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரி போற வழியில, பாலவனத்தம் தாண்டயில தண்ணி கேட்டா," என்றார் ராஜகுரு. முதுகை வளைக்காமலே நின்றார். "நிறுத்தினா நேரமாயிரும், ஆஸ்பத்திரியில போய்க் குடிச்சுக்கலாம்னேன்."

"அப்பா..."

"காலையில நெறச்சு வைக்கிறேன். மறுநா வந்து பாத்தா குறைஞ்சிருக்கு மணி. ஒருநாள்கூடத் தப்பல. நான் புளுகல. ஊர்ல சொல்றது நெசந்தான். வர்றா. குடிக்கிறா."

மணிகண்டன் தலை குனிந்துகொண்டான். ஜேசுராஜ் கையிலிருந்த கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராக்கம்மாள் குனிந்து பெல்ட்டைக் கழற்றிச் சொம்பை எடுத்தாள். வேர்த்திருந்த கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து, நனைந்த விரலைப் பார்த்தாள்.

"அம்மா குடிக்கலய்யா," என்றாள். "காருதான் குடிச்சிருக்கு."