பாலிதீன் அண்ணன் சொன்ன கதைகள்

முதலமடையிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் ஒரு காமிக்ஸ் கதையைப் பாலிதீன் அண்ணனைப் போலச் சொல்லத் தெரிந்தவர் கிடையாது. அந்தக் கதைகளை எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலமடையில் ஒரு மாங்காய் பேக்கிங் ஷெட்டுக்கு அவர் மேஸ்திரி. சொந்தப் பெயர் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, நல்லேப்பிள்ளியில் ஒரு பேக்கரியின் மாடியில் காமிக்ஸ் வாசகர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அந்த மாதம் படித்ததை ஆளுக்கு ஆறு நிமிடம் சொல்ல வேண்டும். குறிப்பேடு என் பொறுப்பு. யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன படித்தார், எத்தனை பப்ஸ் தின்றார் என்பது வரை அதில் உண்டு. கூட்டத்துக்கு ஒரே விதி: படிக்காதவர் பேசக்கூடாது. ஒருவர் ஒன்றும் படிக்காமல் வந்து, மகனுக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்த வரலாற்றை முக்கால் மணி நேரம் சொன்ன மறுநாள் நானே எழுதிய விதி.

அண்ணனின் புத்தகம் பாலிதீன் உறைக்குள் இருக்கும். அந்த உறை இன்னோர் உறைக்குள் இருக்கும். அது ஒரு மாம்பழப் பெட்டிக்குள் இருக்கும். ஆடி மாதக் கூட்டம் ஒன்றுக்கு, பைக்கில் பெட்டிக்கு ரெயின்கோட்டைப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தார்.

"ஏனுங்ண்ணா, ரெயின்கோட்டு வெச்சுட்டு இப்படியா நனைவாங்க?" என்றார் ஜோதிமணி டீச்சர்.

"எனக்குக் காச்சல் வந்தா மாத்தரை இருக்குதுங் டீச்சர். இதுக்கு வந்தா என்னத்தக் குடுக்கறது?"

டீச்சர் அட்டையைப் பார்க்க நெருங்கினார்.

"கை கழுவுனீங்களா?"

"கழுவுனனுங்."

"சோப்புப் போட்டுங்களா?"

"போட்டுத்தானுங்."

"அப்பச் செரி. அங்கயே நின்னு பாருங்க."

நாங்கள் ஆளுக்கொரு வகைக் கதை வாங்கி மாற்றிக்கொள்வோம். அண்ணன் வாங்குவது சாகசக் கதைகள். அவை மாற்றலுக்கு வராது. அதில் யாருக்கும் வருத்தமில்லை, அவர் வாயால் கேட்டால் போதுமென்றிருந்தது. அவர் ஆரம்பித்தால் தேநீர் ஆறிப்போகும். கீழே கல்லாவில் இருக்க வேண்டிய பேக்கரிக்காரர் மாடிப்படியில் நிற்பார். வில்லன் கத்தியை எடுக்கும் இடத்தில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டுவார்; அதற்கே ஒரு நிமிடம் ஆகும்; அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு மூச்சு இருக்காது.

சிக்கல் இடுக்கியிலிருந்து வந்தது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஸ்டீபன், ஷிஃப்ட் ஒத்துவரும் மாதங்களில் மட்டும் மலையிறங்கி வருவார். அப்படி வந்த ஒரு நாள் அண்ணனின் கதையில் ரயில் ஒரு பாலத்தின் மேல் நிற்க, பாலத்தின் அடியில் ஒரு யானை நின்று தூணைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம் முடிந்து எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஸ்டீபன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. இதே பொஸ்தகத்தப் போன வாரம் நானும் படிச்சேன். இதுல ஆனையே கெடையாதே."

"அட்டையிலயே நிக்குதுங்களே."

"அட்டையில நிக்கி. உள்ள எங்க இருக்கு? பிரிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

அண்ணன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அட்டைப்படம் வரைந்தவரும் கதையைப் படிக்காமலேதான் வரைந்திருக்க வேண்டும். ஆனால் மாட்டிக்கொண்டவர் அண்ணன்.

"பிரிக்கலீங்க," என்றார் கடைசியில். "இது மட்டுமில்லீங்க. ஊட்டுல இருக்கறது ஒண்ணுமே பிரிச்சதில்லீங்க."

டீச்சர்தான் கேட்டார். "பின்னெதுக்குங்ண்ணா வாங்கறீங்க?"

"படிக்கத்தானுங். ஷெட்டுல முப்பது வருசமா இருக்கறனுங். நல்ல காயி லாரிக்கு, அடிபட்ட காயி நம்முளுக்கு. இதுநாள் வரைக்கும் ஒரு நல்ல பழத்த நான் கடிச்சதில்லீங்க. அதே மாதர, அடிபட்ட பொஸ்தகம் ஒண்ணு வந்தாப் படிக்கலாம்னு பாத்துட்டே இருக்கறன். பாழாப்போனது, எல்லாம் நல்லாவே வருதுங்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே," என்றேன். "அடுத்த மாசம் நீங்க வரலாமுங். கேக்கலாமுங். பேச முடியாதுங்."

"செரிங்," என்றார்.

வாரம் ஆறு நாளும் லாரிக்காரர்களோடு தொண்டை கிழியக் கத்துகிற மனிதர். அவர் பேசுவதை ஏழு பேர் வாய்மூடிக் கேட்கிற இடம் பூமியில் அந்த மாடி ஒன்றுதான். இது எனக்கு அன்றே தெரியும். குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இல்லாததால் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் மூன்று ஐம்பத்தைந்துக்கே வந்து, வெறுங்கையோடு ஓரத்தில் உட்கார்ந்தார். டீச்சர் மூன்று நிமிடத்தில் முடித்துக்கொண்டார். நான் இரண்டில். பேக்கரிக்காரர் மேலே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான்கு முப்பத்தெட்டுக்குக் கூட்டம் கலைந்தது. அத்தனை சீக்கிரம் கலைந்த கூட்டம் வேறொன்று பதிவில் இல்லை.

நான் எந்தப் புத்தகத்தையும் இரண்டு பிரதி வாங்குபவன். படிக்க ஒன்று, பாதுகாக்க ஒன்று. இதைப் பைத்தியம் என்று என் மனைவி சொல்வாள். ஒழுங்கு என்று நான் சொல்வேன். திங்கட்கிழமை, பாதுகாத்து வைத்ததில் ஒரு துப்பறியும் கதையை எடுத்தேன். அதன் மூலையை மேசையின் முனையில் தட்டினேன். முதல் இரண்டு தடவை கை வரவில்லை. மூன்றாவது தட்டில் நன்றாக மடங்கிப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் கிரேட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தபால்ல அடிபட்டு வந்துருச்சுங்ண்ணா. எனக்கு ஆவாது. நீங்க வெச்சுக்குங்க."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மடங்கிய மூலையைப் பெருவிரலால் அழுத்தினார். முகர்ந்தும் பார்த்தார்.

"தபால்ல இப்படி அடிபடாதுங்க. பெட்டிக்குள்ள அடிபட்டா நாலு மூலையும் நசுங்கும். ஒத்த மூலை மட்டும் மடங்குச்சுன்னா, ஆரோ தட்டியிருக்கறாங்க."

நான் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

"அடிபட்டது அடிபட்டதுதானுங்," என்றார். "இதைப் படிச்சா அடுத்த கூட்டத்துல பேசலாமுங்களா?"

"முழுசும் படிச்சாப் பேசலாமுங்."

ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வேட்டியில் இரண்டு கையையும் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அட்டையைத் திருப்பினார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "இருப்பா," என்றார் தலை தூக்காமலே. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏனுங், இந்தத் தொப்பிக்காரன் நல்லவனுங்களா, கெட்டவனுங்களா?"

அந்தக் கதையை நான் இரண்டு முறை படித்து, தொப்பிக்காரன் எந்தப் பக்கத்தில் மாட்டுகிறான் என்பதைத் தேதியோடு குறித்தும் வைத்திருக்கிறேன்.

"நெனப்பில்லீங்களே," என்றேன்.