வெற்றிலைப் பானைக்குள் வைத்த ரொட்டி

வெற்றிலைக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தண்ணீர் தெளிக்கக் கை துறுதுறுக்கும். அந்த வியாதியால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். (மற்றவர்கள் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள்.)

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். அரிசி கிடைக்காமல், காஜா பேராங் ஊரில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. எனக்கு இரண்டு வரன்கள் வந்திருந்தன. ஒருவர் செங் என்ற பக்கத்து ஊரில் இருந்தார். மனைவியை இழந்தவர், அப்பாவைவிட நான்கே வயது இளையவர். இன்னொருவர் புக்கிட் ரம்பாய் ஊர்க்காரர், எங்கள் கடைக்கு வெற்றிலை வாங்க வருகிறவர். அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவோடு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"இது தட்டிப்போனா செங் மாப்பிள்ளதான்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

புக்கிட் ரம்பாய் அம்மாவுக்கு ரொட்டி என்றால் உயிராம். கோதுமை மாவைக் கண்ணால் பார்க்கவே முடியாத அந்த நாளில், அப்பா யார் யாரையோ கெஞ்சி வியாழக்கிழமையே ஒரு முழு ரொட்டி கொண்டுவந்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் காயாம இருக்கணும். உன் பொறுப்பு."

"பிஸ்கட் டின்னுல போட்டு மூடி வைடி" என்றார் அம்மா.

"டின்னுல வச்சா காஞ்சிடும்மா. ஒங்களுக்குத் தெரியாது லா."

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வாழையிலையில் சுற்றி, ஈரச் சாக்கில் பொதிந்து, மண்பானையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் வெற்றிலை ஒரு வாரம் வாடாது. ரொட்டிக்கும் அதே மரியாதையைச் செய்தேன். அம்மா திறந்து பார்க்க வந்தபோதெல்லாம் காற்றுப் பட்டுவிடும் என்று விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் தன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் புக்கிட் ரம்பாய்க்காரர் வந்து சேர்ந்தார். நான் சாமர்த்தியசாலி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பானையையே கூடத்துக்குத் தூக்கி வந்து, அந்த அம்மாவின் முன்னால் வைத்துப் பிரித்தேன்.

ரொட்டி பச்சைப் பசேல் என்று இருந்தது. மேலே பூனை முடி மாதிரி பூஞ்சணம்.

"உள்ள நல்லாத்தான் இருக்கும்" என்று அப்பா விரலால் அழுத்தினார். விரல் மறுபக்கம் வந்துவிட்டது. எனக்குச் செங் மாப்பிள்ளையின் நரைத்த மீசை கண்ணுக்குள் வந்து நின்றது.

"யாரு செஞ்ச வேல இது?" என்றார் அந்த அம்மா.

"நாந்தாங்க."

"எப்படிச் செஞ்ச?"

பயத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். எத்தனை கை தண்ணீர் என்பது உட்பட. அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணு நாளும் மறக்காம தெளிச்சியா? ஒரு வேளகூட விடலியா?"

"இல்லீங்க."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "தட்ட மாத்திக்கலாம்டா. இவ்வளவு அக்கறையா ஒரு ரொட்டியக் கெடுக்க வேற யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த மாதமே கல்யாணம். ஜப்பான் சண்டை முடிந்து கடைகளில் மறுபடி ரொட்டி வந்தபோது, என் மாமியார் பூட்டுப் போட்ட தகர டப்பா ஒன்றை வாங்கினார். நகைப்பெட்டிச் சாவியைக் கல்யாணமான மறுவாரமே என்னிடம் தந்தவர், ரொட்டி டப்பாச் சாவியை மட்டும் கடைசிவரை தரவில்லை.