வாவிக்குள் ஒளியப் போன கதை

இனி உளியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் கிளாக்கர் வேலை. லீவு நாளில் தச்சு வேலை; அது என் பழைய ஆசை. சுனாமிக்குப் பிறகு கதவு போனவர்களுக்குக் கதவும் கட்டில் போனவர்களுக்குக் கட்டிலும் மனதாரச் செய்தேன். ஆனால் சண்டை முடிந்து ஊர் நிமிர்ந்த பிறகும், என் மனிசி அன்னப்பூரணி கண்டவர்களுக்கெல்லாம் நான் அலுமாரி செய்து தருவேன் என்று வாக்குக் கொடுத்தாள். இழைத்து இழைத்து நான் இளைத்துப் போனேன்.

"இனி தூண்டில்தான் போடுவன்."

"எங்க?"

"வாவியில."

அவள் முகம் வெளுத்தது. சுனாமியன்று தேற்றாத்தீவில் தாய்வீட்டுக்குப் போயிருந்தவளைக் கடல் கழுத்துவரை மூடிவிட்டுத்தான் விட்டது. அதற்குப் பிறகு வாவிக்கரைக்கும் வரமாட்டாள். என் திட்டமே அதுதான். வாவிக்குள் ஒளிந்துகொண்டால் ஆர் அலுமாரி கேட்பது?

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தோணிக்குத் தெரியும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏறாவூர் அப்துல் கபூர் என்னோடு கச்சேரியில் வேலை செய்பவன். அவனிடம் இரண்டு தோணி. சின்னதைத் தந்தான்.

"வல்லிபுரம், காத்துக் கிளம்பினா உடன கரைக்கு வந்திரு மச்சான்" என்று சொல்லிவிட்டு பின்னேர அசர் தொழுகைக்குப் போனான்.

மீன்கள் இரையைத் தின்றன, என்னை மதிக்கவில்லை. காற்றுக் கிளம்பியது. அவசரமாகத் திரும்பியதில் துடுப்பு கைநழுவிப் போனது. தோணி நடுவாவியைப் பார்த்து ஓடியது. அலை உள்ளே விழுந்தது. கணுக்கால் நனைந்தது. பிறகு முழங்கால். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போது கரையில், காற்றைக் கண்டு என்னைத் தேடி ஓடிவந்த அன்னப்பூரணியைக் கண்டேன். தண்ணீரில் காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு சேலையை வரிந்து கட்டி, கபூரின் பெரிய தோணியை அவிழ்த்து ஏறினாள். நீளக் கம்பை ஊன்றி, நின்றபடியே தள்ளிக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் தகப்பனோடு தோணி தள்ளினவளாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

"இந்தாங்க, தோணிக் கயித்தப் புடிங்க!"

"பூரணி, நீ... தண்ணிக்குள்ள..."

"பேசாமப் புடிங்க! மூழ்கின பிறகு கதைப்பம்!"

கரை சேர்ந்ததும் திட்டு வாங்கக் காத்திருந்தேன். அவள் வாவியைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது.

"பயம் போயிட்டுதுங்க."



"நாளைக்கு ரெண்டு பேருமாப் போவம்" என்றேன்.

மறுநாள் விடிய எழும்பினால், தோளில் தூண்டிலோடு வாசல் படலையடியில் நிற்கிறாள்.

"நில்லு, நானும் வாறன்."

"நீந்தத் தெரியாத ஆளை ஏத்தமாட்டன். நேத்து உங்களப் பாத்துப் பட்ட பயம் காணும், இன்னொருக்கா ஏலாது. உங்கட கூட்டாளி கபூர் காக்காட்டத் தோணி கேட்டுட்டன். நான் வாறத்துக்குள்ள சோத்த வடிச்சு வைங்க."

உலையில் அரிசியைப் போட்டேன்.