நுரைக்குள் ஒரு மாப்பிள்ளை

முகம் முழுக்க நுரையைப் பூசி முடித்த பிறகுதான் சலூன்காரருக்கு உறைத்தது. பூசியாயிற்று, சரி. இதை எப்படி எடுப்பது?

எடுத்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் அந்தப் பையன் தொலைந்தான்.

சற்று முன்புதான் அவனும் ஒரு பெண்ணும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். "இன்னிக்கு எங்களுக்குப் பதிவுக் கல்யாணம். எங்க அண்ணன் துரத்திட்டு வர்றான். ஒளிய இடம் குடுங்க" என்று அந்தப் பெண் கடை கடையாகக் கெஞ்சினாள். மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். செருப்புக்கடைக்காரர் முழுசாகவே இறக்கிவிட்டார். தெருவில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வசதியாக ஓரம் ஒதுங்கிக்கொண்டார்கள். நல்ல ஜனங்கள்.

சலூன்காரரின் மனைவி தினமும் சாப்பாட்டு டப்பாவோடு, "ஊர் வம்பை விலைக்கு வாங்காதீங்க" என்பதையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவள். ஆனால் அந்தப் பெண் திரும்பித் திரும்பித் தெருமுனையைப் பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உள்ள வாம்மா" என்றார்.

ஈரத்துண்டு காயப்போடும் திரைக்குப் பின்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். பெண்ணை அங்கே நிறுத்தினார். பையனை நாற்காலியில் தள்ளி, துணியைப் போர்த்தி, கண் மட்டும் தெரியும்படி நுரையை அப்பினார். பெஞ்சில் பேப்பரை விரித்துக் காத்திருந்த புதுமுகம் ஒருவரிடம், "சார், நீங்க எதையும் பார்க்கலை" என்றார்.

"நான் பேப்பர்தான் பார்க்கறேன். என் முறை எப்ப வரும்?"

பதில் சொல்வதற்குள் அண்ணன்காரன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். வாட்டசாட்டமான ஆள்.

"இந்தப் பக்கம் ஒரு பையனும் பொண்ணும் வந்தாங்களா?"

"வரலையே தம்பி."

"எங்க போயிடுவாங்க? ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துதானே ஆகணும். அங்க வச்சுப் பார்த்துக்கறேன்." போகிறான் என்று சலூன்காரர் மூச்சுவிட்டார். அவனோ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். "இவருக்கு முடிச்சிட்டு எனக்கும் ஒரு ஷேவ் பண்ணிவிடுங்க."

சலூன்காரர் மறுபடி நுரையைக் குழைத்தார். பூசினார். காய்வதற்குள் இன்னொரு கோட்டிங் பூசினார்.

"என்னங்க, சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிச்சிட்டே இருக்கீங்க?" என்றான் அண்ணன்.

"தாடி கொஞ்சம் முரடு. ஊறணும்."

"ஊறினது போதும், வழிங்க."

வேறு வழியில்லாமல் கத்தியை எடுத்தார். ஒரு கன்னத்தை வழித்து, உடனே அதன்மேல் நுரையைப் பூசிவிட்டு, அடுத்த கன்னத்துக்குப் போனார். ஆசையாக ஒதுக்கி வைத்திருந்த தாடி போயிற்று. மீசையும் போயிற்று. அதற்குமேல் வழிக்க அந்த முகத்தில் எதுவும் பாக்கியில்லை.

"முடிஞ்சுதா?" என்று அண்ணன் எழப் பார்த்தான்.

"எங்க முடிஞ்சுது? சார் மொட்டை கேட்டிருக்கார்."

நுரைக்குள்ளிருந்து, "ஐயோ, நான் எப்ப" என்று ஒரு முனகல் வந்தது.

"பேசாதீங்க சார், கத்தி பட்டுடும்."

தலையில் தண்ணீரைத் தெளித்தார். சுருள் சுருளான முடி, ஒரு குறையும் சொல்ல முடியாத முடி, கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. உயிர் இருந்தால் மயிர் முளைக்கும் என்று சலூன்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

பெஞ்சிலிருந்து, "என் முறை?" என்று மறுபடி ஒரு குரல்.

"இதோ சார், இதோ."

கடைசிக் கொத்து விழுந்தபோது திரை விலகியது. எட்டிப் பார்த்த பெண், "அடக் கடவுளே, முடி எங்க?" என்று அலறிவிட்டாள்.

அண்ணன் எழுந்தான். தங்கையைப் பார்த்தான். மொட்டையைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். குறுக்கே போய் நின்றார். "தம்பி, இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா என் கடைக்குள்ள நம்பி வந்துட்டாங்க. என்னைத் தாண்டித்தான் தொடணும்."

அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பையன் கண்ணை மூடிக்கொண்டான். வெளியே வந்தது ஒரு பேனா.

"சாட்சிக் கையெழுத்துப் போட வந்தேங்க" என்றான் பாவமாக. "நம்ம வீட்டு ஆள் ஒருத்தர்கூட இல்லாம என் பொண்ணு நிக்கக் கூடாதுன்னு அம்மா அழுதுட்டாங்க. நில்லு, நில்லுன்னு கத்திக்கிட்டே ஓடிவர்றேன், இதுங்க நின்னாத்தானே."

"நீ கத்தினா யாருண்ணா நிப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சலூன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் எழுந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தான். பார்த்தபடியே, "மனுவுல ஒட்டின போட்டோவுல எனக்குத் தலை நிறைய முடி, தாடி, மீசை எல்லாம் இருக்கே" என்றான் மெதுவாக. "இது நான்தான்னு அந்த ஆபீசர் எப்படி நம்புவார்?"

சலூன்காரர் தரையில் கிடந்த முடியைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றப்போய் நானே நிறுத்திவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பெஞ்சில் இருந்தவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"முடியோட உள்ள வந்ததையும் பார்த்தேன், முடியில்லாம உக்காந்திருக்கறதையும் பார்க்கறேன், நம்பாம என்ன? போன வாரம் மாத்தலாகி வந்த ரிஜிஸ்டர் ஆபீசர் நான்தான். முதல்ல எனக்கு ஷேவ் பண்ணி அனுப்புங்க, நான் போனாத்தான் அங்க கல்யாணமே நடக்கும்."