லட்சத்தாரும் மிளகாய் அமெரிக்காவும்

அமெரிக்காவில் யார் யாரைக் கொல்கிறார்கள் என்பது பற்றி, அந்த நாட்டு கவர்னர்கள் எல்லோரும் சேர்ந்து பட்ட கவலையைவிட அதிகமாகக் கவலைப்பட்ட மனிதர் ஒருவர் ஆக்லாந்தில், பாபடோயிட்டோய் என்கிற பேட்டையில் இருந்தார். அமெரிக்காவுக்கு அவர் போனதே கிடையாது. போகிற எண்ணமும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அந்தப் பாவத்துக்கு, திருச்சிக்காரனான எனக்கு இன்றைக்கும் லால்குடிக்கு வழி சொல்லத் தடுமாறும். மிசிசிப்பிக்குப் பக்கத்து மாநிலங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அவருக்கு நல்லதாக ஒரு முருகன் பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊரெல்லாம் அவர் லட்சத்தார்தான். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பணக்காரர் போலிருக்கிறது என்று எழுந்து நிற்பார்கள். விஷயம் அதுவல்ல. கொழும்பிலும் இன்சூரன்ஸ் கம்பெனி, இங்கேயும் இன்சூரன்ஸ் கம்பெனி. யாருக்கு என்ன ஆபத்து எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதே தொழிலாக இருந்து, அது அவருக்கு வியாதியாகவே ஆகிவிட்டது. நீங்கள் எதைச் சொன்னாலும், "லட்சத்துக்கு எத்தனை?" என்பார். "நம்ம தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு அண்ணே" என்று ஒருநாள் பதறிப்போய்ச் சொன்னேன். "தெருவில எத்தனை வீடு?" என்று கேட்டார். கோயில் சாப்பாட்டில் பரிமாறுகிற பையன் "ஐந்நூறு வடை சுட்டிருக்கிறம்" என்று பெருமையாகச் சொன்னதற்கு, "வடையை மட்டும் சொல்லாதையும், வாய் எத்தனை எண்டும் சொல்லும்" என்றார். லட்சத்தார் என்று பெயர் வைத்தது எங்களோடு அந்த வீட்டில் இருந்த மன்னார் அந்தோனி. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன்; மனிதர்களுக்குப் பெயர் அடிப்பதிலும் கெட்டிக்காரன்.

வீட்டில் நான்காவது ஆள் லட்சத்தாரின் தங்கை வதனி. பக்குரங்கா பிளாசாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான் எல்லாம். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுதன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எஞ்சினியர். சாதகம் எண்பது வீதம் பொருத்தம் என்று எழுதி வந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டு வதனி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திருப்பியும் கொடுக்கவில்லை. எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டியது. லட்சத்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெடியன் எந்த மாநிலம்?"

"டெக்சாஸ்" என்றாள் வதனி.

அவ்வளவுதான். மனிதர் முகத்தில் பிரேதக் களை அடித்துவிட்டது. "அங்க ஆக்கள் கடைக்குப் போறதெண்டாலும் துவக்கோடயாம் போறது" என்றார். துவக்கென்றால் துப்பாக்கி.

கோயிலில் நாலு பேரிடம் விசாரித்தார். ஒருவர், "டெக்சாஸ் றிபப்ளிகன் ஆக்களின்ர இடம். சட்டம் கடுமை, ஒருத்தரும் வாலாட்ட மாட்டினம்" என்றார். இன்னொருவர், "விசர்க்கதை. துவக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறதே றிபப்ளிகன் ஆக்கள்தானே. டெமொகிரட் மாநிலமாப் பாத்துக் குடுங்கோ" என்றார். இரண்டு பேரும் பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். நாமாக இருந்தால் யாராவது ஒருவரை நம்பித் தொலைப்போம். லட்சத்தார் இரண்டு பேரையும் நம்பவில்லை. "கட்சிக்கும் கொலைக்கும் தொடர்பு இருக்கோ இல்லையோ, பாத்திட்டுச் சொல்லுறன்" என்று வீட்டுக்கு வந்தார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பஸ் ஏறி நகரத்து நூலகத்துக்குப் போக ஆரம்பித்தார். தலையணை கனத்தில் அமெரிக்கப் புள்ளிவிவரப் புத்தகங்கள். எங்கள் ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரு பெரிய அமெரிக்க வரைபடம் ஏறியது. றிபப்ளிகன் கட்சிக்கு வாக்களித்த மாநிலத்தில் ஒரு கொண்டைக்கடலை, டெமொகிரட் மாநிலத்தில் ஒரு பச்சைப்பயறு, கோதுமை மாப் பசையில் ஒட்டப்பட்டன. கொலைக்குச் செத்தல் மிளகாய், அதாவது நம்மூர் வற்றல். லட்சத்துக்கு இத்தனை கொலைக்கு ஒரு மிளகாய் என்று ஏதோ கணக்கு வைத்து, நூலில் கோத்துக் குண்டூசியில் தொங்கவிட்டார்.

"கலர் பென்சில் வாங்கக் கூடாதா அண்ணே?" என்றேன்.

"நிறம் கண்ணுக்கு மட்டுந்தான் தம்பி. மிளகாய் எண்டால் கண்ணும் எரியும், மூக்கும் எரியும். கொலையெண்டால் எரிய வேணும்."

எரிந்தது. டிவி பார்க்க உட்கார்ந்தால் தலைக்கு மேலே லூசியானா கொத்துக் கொத்தாகத் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் திருஷ்டி கழிக்கக் கட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எரிச்சலோடு பார்க்க ஆரம்பித்த எனக்கே அந்தச் சுவர் மெல்ல மெல்லப் பிடித்துவிட்டது. கோயிலில் சண்டை போட்ட இரண்டு பேரையும் அது ஒரே நேரத்தில் மக்காக்கியது. மிசிசிப்பி கடலை மாநிலம், கை நிறைய மிளகாய். சரி, கடலைதான் கெட்டது என்று முடிவுகட்டப் போனால், வடக்கு டகோட்டாவும் கடலை. அங்கே தொங்கியது வெறும் காம்பு. வெர்மொன்ட் பயறு, அங்கேயும் காம்புதான். அப்படியானால் பயறு நல்லதோ என்றால், எல்லாரையும்விடக் காரமான லூசியானாவும் பயறு. அதுவும் முந்தின ஜனாதிபதித் தேர்தலில் கடலையாக இருந்து, பிறகு பயறாக மாறினது. லட்சத்தார் கடலையைச் சுரண்டிவிட்டுப் பயறை ஒட்டினார். மிளகாய் அப்படியே இருந்தது.

"கட்சி மாறியிருக்கு, கொலை மாறேல்ல. இது என்ன விளையாட்டு தம்பி!" அவர் கண்ணில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தன் சந்தேகம் தோற்றதற்கு இவ்வளவு குதூகலப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு சிக்கல் வந்தது: ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, கவர்னருக்கு வேறு கட்சி என்று வாக்களிக்கும் மாநிலங்களை என்ன செய்வது? டெக்சாசே அப்படித்தான் நின்றது. அங்கே கடலையும் பயறும் சேர்ந்து ஒட்டப்பட்டன. "சுண்டல் போடுங்கோ" என்றான் அந்தோனி.

இந்த நேரத்தில்தான் வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு அமெரிக்கப் பையன்கள் மதம் பரப்ப எங்கள் கதவைத் தட்டினார்கள். வழக்கமாக எங்கள் தெருவில் எல்லோரும் திரையை இழுத்துவிட்டு மூச்சுவிடாமல் இருப்போம். லட்சத்தார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஆண்டவரைப் பற்றி அவர்கள் வாயெடுக்குமுன், "எந்த மாநிலம்?" என்றார். ஒருவன் யூட்டா, ஒருவன் ஐடஹோ. இரண்டும் கடலை, இரண்டிலும் மிளகாய் குறைவு. சுவருக்குக் கீழே உட்காரவைத்தார்.

"உங்கட இடத்தில கொலை ஏன் குறைவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாவம், பிறந்ததிலிருந்து அவர்களை யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் யூட்டாப் பையன், குடும்பம், பிரார்த்தனை என்று இழுத்துவிட்டு, "எங்கள் சபையில் தேநீரும் குடிக்க மாட்டோம்" என்றான். லட்சத்தார் நிமிர்ந்தார்.

மறுநாளிலிருந்து வீட்டில் தேத்தண்ணி நின்றது. பரிசோதனையாம்! தேயிலை டின்னை எங்கோ ஒளித்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் அந்தோனி பெயின்ட் பிரஷ்ஷோடு வந்து நின்றான். "அண்ணை, நாளைக்கும் தேத்தண்ணி இல்லையெண்டால் இந்த வீட்டில கொலை வீதம் ஏறும். முதல் ஆள் ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை." தேயிலை திரும்பி வந்தது. அந்த இரண்டு பையன்களும் அதன்பிறகு எங்கள் வீடு வந்தால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவார்கள்.

மாதங்கள் ஓடின. வசதி, வறுமை, தெற்கு, வடக்கு, பட்டணம், பட்டிக்காடு என்று அவர் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நகரத்துக்குள்ளேயே ஒரு தெரு ஒருவிதம், நாலு தெரு தள்ளினால் வேறுவிதம் என்று கண்டுபிடித்த அன்று சோறே சாப்பிடவில்லை. "மாநிலம் எண்டு ஒண்டே இல்லைத் தம்பி!" என்று பரவசமாகச் சொன்னார். எனக்குத் திகீர் என்றது. மாநிலமே இல்லையென்றால் வதனியின் கலியாணம் எந்தக் காலத்தில் நடக்கிறது? அங்கே சுதன் வீட்டில் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வேறு இடம் பார்க்கலாமா என்று ஜாடையாக ஒரு போன் வந்தது. அன்று வதனி வெடித்துவிட்டாள்.

"அண்ணா, நான் டெக்சாசைக் கலியாணம் கட்டேல்ல. ஒரு மனுசனைக் கட்டப்போறன்!"

"இன்னும் ரெண்டு புத்தகம் இருக்கு வதனி, அதையும் பாத்திட்டு..."

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கக் குழம்பு ஒரே காரம். எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. சமையலறையில் எட்டிப் பார்த்தால், மிளகாய் டின் காலி. ஆனால் தாளிதத்தில் மிளகாய் குதிக்கிறது. ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். டெக்சாஸ் மெலிந்துபோயிருந்தது!

"வதனி, என்ன இது?"

"சத்தம் போடாதேங்கோ" என்றாள் கரண்டியைக் காட்டி. "ஒவ்வொரு நாளும் ஒண்டு. இன்னும் கொஞ்ச நாளில டெக்சாசும் டகோட்டாவும் ஒண்டு."

அந்த மனிதர் கண்டுபிடிக்காமல் விடுவாரா? அன்று சாயங்காலம் என்னைப் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"மிளகாய் குறையிறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாள்" என்றார். "அவளுக்கு அந்தப் பெடியனை நல்லாப் பிடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன அண்ணே? சரின்னு சொல்ல வேண்டியதுதானே!"

அவர் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் மூண்டு பேர் பிறந்தம் தம்பி. நடுவில ஒருத்தன் இருந்தவன். பள்ளிக்கூடத்தால வரேக்க குண்டு விழுந்தது. மூண்டில ஒண்டு. லட்சத்துக்கு எவ்வளவெண்டு நீரே பெருக்கிப் பாரும். அந்த வீதம் எந்தப் புத்தகத்திலயும் இல்லை. மிஞ்சினது இவள் ஒருத்தி. நான் பாத்துத்தான் அனுப்ப வேணும்."

அத்தனை நாளும் நான் அடித்த கிண்டலெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. "பாருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சுதனே போன் செய்தான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வதனி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். லட்சத்தார் சம்பளம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை.

"தம்பி, நீர் எந்தக் கட்சி?"

"எனக்கு வோட்டே இல்லை அண்ணை. நான் வேலை விசாவில இருக்கிறன்."

"உம்மட தெருவில..."

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. நான் ஒண்டு கேக்க வேணும்." அவன் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஒக்லண்ட் எரிமலைக்கு மேல கட்டின ஊராமே? ஊருக்குள்ள ஐம்பது வாய் கிட்ட இருக்காம். மெப்பில பாத்தன், பாபடோயிட்டோயிலயும் ஒண்டு கிடக்கு. எத்தினை வருசத்துக்கு ஒருக்கா வெடிக்கும் எண்டு மூண்டு புத்தகத்தில தேடிட்டன், ஒண்டிலயும் சரியாப் போடேல்ல. வதனியை அங்க வைச்சிருக்க எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை. கெதியா ஒரு முடிவு சொல்லுங்கோ."

இத்தனை வருஷம் எரிமலை மேல் குடியிருந்த எனக்கே அது புதுச் செய்தி. காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டேன். லட்சத்தார் போனைக் கையால் பொத்தினார். முகமெல்லாம் மலர்ந்து, என் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார்:

"தம்பி! பெடியன் லைப்ரரிக்குப் போயிருக்கிறான்!"

பிறகு போனில், "சரி. நாள் பாப்பம்" என்றார். அவ்வளவுதான். ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து வதனி அழுதாள். அந்தப் பக்கத்தில் அவனும் அழுத மாதிரிதான் எனக்குக் கேட்டது.

கலியாணம் பாபடோயிட்டோயில் ஒரு ஹாலில் நடந்தது. வடை எல்லா வாய்க்கும் போதுமாக இருந்தது. சுதன் முன்னால் போய்விட, சில மாதம் கழித்து விசா வந்ததும் வதனி கிளம்பினாள். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். உள்ளே போகிற வாசலில் அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

விமானம் ஏறிப் போனது. வெயில் இன்னும் இருந்தது. "வாங்க அண்ணே, போகலாம்" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கிற மட்டும் இஞ்ச இருப்பம்."

"அண்ணே! அது அமெரிக்கா போய் இறங்க அரை நாள் ஆகும்! விமானத்தில என்ன பயம்? நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, ரோட்டைவிட அதுதான் பத்திரம்னு?"

"ஓம். அதின்ர வீதம் எனக்குத் தெரியும்." அவர் ஓடுபாதைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஏறினது வதனியெல்லோ."

எனக்கு மறுநாள் காலை வேலை இருந்தது. பசியும் இருந்தது. இந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மட்டும் மனசு வரவில்லை. கார்ச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.